ஐகானை எடுத்த இடத்தில் ஒரு வரி

போன வாரம் பழைய ஆபீசுக்கு வந்திருந்தேன். வேலை ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற ஒருத்திக்கு வீட்டுக் காற்றாடிச் சத்தம் சலித்துப்போனால் ஆபீஸ் டீ ஞாபகம் வரும், அவ்வளவுதான். உள்ளே நீங்கள் நாலைந்து பேர் ஒரு பென் டிரைவைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். எந்த மெஷினில் செருகினாலும், அந்த மெஷினில் இருப்பதைத் தொடாமல், தானே எழுந்து வேலை செய்யும் சிஸ்டம் அது. அதற்கு முகமாக எந்த டெஸ்க்டாப்பைப் போடுவது என்று இரண்டு நாளாக வழக்கு நடக்கிறது என்றீர்கள். ஒருவர் திரையில் ஒரு ஜன்னலை மூடிக் காட்டினார். அது புகையாகச் சுருண்டு மறைந்தது. எல்லோரும் ஆகா என்றீர்கள். நானும் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "உங்க காலத்துல இந்தப் பிரச்சினையே இருந்திருக்காதுல்ல மேடம்?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் எப்போதும் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். இதே பிரச்சினை எங்களுக்கும் இருந்தது, கண்ணுகளா. இதே சண்டையும் இருந்தது. பென் டிரைவுக்குப் பதில் பிளாப்பி. உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோகூட அதில் ஏறாது. அதில்தான் நாங்கள் ஒரு சிஸ்டத்தை மடித்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனோம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் எங்கள் கடை கம்ப்யூட்டர் விற்பது, பழுது பார்ப்பது, சொல்லிக்கொடுப்பது மூன்றையும் ஒரே அறையில் செய்துகொண்டிருந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். என்னோடு வேலை பார்த்தவர் ராஜுண்ணன். அந்த ஊரில் பலருக்குப் பெயர் ராஜு என்றுதான் முடியும் என்பதால், முன்பாதியைக் கற்றுக்கொள்ள எங்கள் முதலாளி மெனக்கெடவே இல்லை. அண்ணனுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், மெஷின் படுத்துக்கொண்டால் இரண்டும் கலந்து வரும். நல்ல வேலைக்காரர். அழகான பொருளைக் கண்டால் மட்டும் கொஞ்சம் மயங்கிவிடுவார்.

எங்கள் வாடிக்கைக்காரர்கள் பெரும்பாலும் நூற்பாலைகள். மில்லுக்குள் பஞ்சு காற்றிலேயே இருக்கும். கம்ப்யூட்டரின் சின்ன விசிறி அதை உள்ளே இழுத்து இழுத்து ஒரு தலையணை தைத்து வைத்திருக்கும். சூடு தாங்காமல் ஹார்ட் டிஸ்க் போய்விடும். அப்படிப் படுத்த மெஷினை எழுப்பி, உள்ளே இருப்பதை மீட்க ஒரு வழி வேண்டுமே என்று, லினக்ஸ் என்ற சிஸ்டத்தைத் தேவையில்லாததெல்லாம் உரித்துப்போட்டு ஒரே பிளாப்பிக்குள் அடக்கினோம். போட்டதும் அது முழுவதும் மெமரிக்குள் ஏறிக்கொள்ளும். பிறகு பிளாப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அதற்கு மேல் முகம் கிடையாது. பார்க்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தானே, எங்களுக்கு எதற்கு முகம் என்று விட்டிருந்தோம்.

முகம் தேவைப்பட்டது ஆடிப்பூரத் தேருக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரன்றைக்குப் பிள்ளைகள் தொலைவதும் கிடைப்பதும் வழக்கம். கிடைத்த பிள்ளையை மைக் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இதில் இரண்டு சங்கடம். ஒன்று, தேர் வரும் தெருவில் கம்பி இடிக்கும் என்று கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். தேர் அந்தத் தெருவைத் தாண்டும்வரை வராது, எப்போது தாண்டும் என்று யாராலும் சொல்லவும் முடியாது. இரண்டு, தெற்கு ரத வீதியில் கூப்பிடுவது வடக்கு ரத வீதியில் கேட்காது. அதனால் ஊரில் ஒரு சங்கத்துக்காரர்கள் எங்கள் முதலாளியிடம் வந்தார்கள். நாலு ரத வீதியிலும் நாலு பந்தல், பந்தலுக்கு ஒரு கம்ப்யூட்டர், எந்தப் பந்தலில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்று எல்லாப் பந்தலுக்கும் தெரிய வேண்டும். முதலாளி உடனே சரி என்றுவிட்டார். அவர் சரி என்பதும் நாங்கள் விழி பிதுங்குவதும் அந்தக் கடையின் நடைமுறை.

மெஷின்களெல்லாம் இரவல். ஒன்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வாங்கியது, ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று பஞ்சு புரோக்கர் ஒருவரிடம், ஒன்று எங்கள் கடையில் பழுது பார்க்க வந்து இன்னும் ஆள் வாங்கிப்போகாதது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு ஜாதகம். ஆனால் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நிபந்தனை போட்டார்கள். "என்னமும் செஞ்சுக்கோங்க. உள்ள இருக்கிறதுல மட்டும் கை வைக்கப்படாது," என்றார் இன்ஸ்டிட்யூட்காரர். நாங்கள் எங்கள் பிளாப்பியை நினைத்துக்கொண்டோம்.

பந்தலில் உட்காரப்போவது சங்கத்து ஆட்கள். கறுப்புத் திரையைக் காட்டினால் பயந்துவிடுவார்கள். மேலும் நாலு பந்தல் பட்டியலையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டும். ஆக, ஜன்னல் வேண்டும். அதற்கு ஒரு டெஸ்க்டாப் வேண்டும். சண்டை இங்கே ஆரம்பித்தது.

ராஜுண்ணன் ஒன்றைத் தயார் செய்து கொண்டுவந்தார். பின்னணியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். கீழே வரிசையாக ஐகான்கள். அதில் பிள்ளையின் முகம் வரைந்த ஐகான் ஒன்று, அமுக்கினால் கண் சிமிட்டும். உண்மையிலேயே அழகு. ஆனால் ஆறு பிளாப்பி. ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கேட்கும், எடுத்துப் போட வேண்டும், கரகரவென்று யோசிக்கும், அடுத்தது. இன்ஸ்டிட்யூட் மெஷினில் அதை எழுப்பிப் பார்த்தோம். கோபுரம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கியது. நான் டீக்குச் சொல்லி, டீ வந்து, குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்த பிறகும் கோபுரத்துக்கு வாசல் வரவில்லை.

"எம்புட்டு நேரந்தாண்ணே ஆகும்?"

"செத்த நேரம் பொறும்மா. எந்திரிச்சிருச்சுன்னா பொறவு பிரச்சினை இல்ல."

"தேர் வர்ற தெருவுல கரண்ட் இருக்காது. பேட்டரிலதான் ஓடணும். ஒவ்வொரு வாட்டியும் இப்பிடி எந்திரிச்சா, கோபுரம் வாரதுக்குள்ள பேட்டரி போயிரும்."

நான் என்னுடையதைப் போட்டேன். இரண்டே பிளாப்பி. சாம்பல் நிறத் திரை, நாலு ஜன்னல், அவ்வளவுதான். படமில்லை, ஐகான் இல்லை, ஜன்னலுக்கு நிழல்கூட இல்லை. சூடான டீயில் நாலு வாய் குடிப்பதற்குள் எழுந்து நின்றது. நான் பெருமையாகப் பார்த்தேன்.

"ஏமி இதி," என்று தெலுங்கில் முனகினார் அண்ணன். பிறகு தமிழுக்கு வந்தார். "என்ன இது, பொணவறை மாதிரி இருக்கு கோதை. பிள்ளையத் தொலைச்சிட்டு அழுதுட்டு வாரவிய இதைப் பாத்தா இன்னும்ல பயப்படுவாக."

இதைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. நான் மெஷினைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், அவர் அதன் முன்னால் நிற்கப்போகிற ஆளைப் பற்றி யோசித்தார். ஆனாலும் பேட்டரி பேட்டரிதான். நான் ஒரு காரியம் செய்தேன். மெஷினின் பின்னால் போய் பிளக்கைப் பிடுங்கினேன். அண்ணன் பதறிப்போனார். திரும்பச் செருகி, இரண்டு பிளாப்பியையும் போட்டேன். மறுபடி நாலு வாய் டீக்குள் அதே சாம்பல் திரை, ஒரு குறையும் இல்லாமல். எல்லாம் மெமரியில் ஓடுவதால் டக்கென்று செத்தாலும் டிஸ்க்கில் எதுவும் கெடாது. "அண்ணே, தேருக்கு நடுவுல எவனாவது ஒயரைக் காலால இடறுவான். அப்ப உங்க கோபுரம் எந்திரிக்க ஆறு பிளாப்பியையும் மறுபடி தேடணும்," என்றேன்.

நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இந்த இடம். டெஸ்க்டாப்பை நன்றாக ஓடும்போது பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நன்றாக ஓடும்போது எல்லாமே அழகுதான். இருப்பதிலேயே நோஞ்சான் மெஷினில் போடுங்கள், பாதியில் பிளக்கைப் பிடுங்குங்கள், எழுந்து வருகிறதா பாருங்கள். மறுபடி உட்கார்ந்து அதே வேலையைத் தொடர எத்தனை வாய் டீ ஆகிறது என்று பாருங்கள்.

முதலாளி வந்து பஞ்சாயத்து பண்ணினார். திறந்து வைக்க வரும் பெரிய மனிதர்களுக்குச் சாம்பலைக் காட்டமுடியாது என்று அவருக்கு ஒரே வருத்தம். கடைசியில், கீழ ரத வீதிப் பந்தலில் காலையில் திறப்பு விழாவுக்கு மட்டும் கோபுரம், அவர்கள் கழுத்தில் மாலை விழுந்து போட்டோ எடுத்ததும் சாம்பல் என்று முடிவாயிற்று. அண்ணன் முகம் வாடியிருந்தது. அவருடைய ஐகான் பட்டையை எடுத்த இடத்தில் சாம்பல் திரையில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதலாக ஒரு வரி எழுதுகிற அளவுக்கு இடம். பிள்ளையின் பெயர், வயது, போட்டிருக்கும் துணி ஏற்கெனவே இருந்தன. நான் அப்பா பெயரைப் போடலாம் என்றேன்.

"அப்பா பேரைக் கேட்டா பிள்ளைக அப்பான்னுதான் சொல்லும்," என்றார் அண்ணன். அவர் வீட்டில் இரண்டு வாண்டுகள். "நம்ம கேக்குறதுக்குப் பதில் சொல்லாதுக. அதுகளா என்னமாவது சொல்லிக்கிட்டே இருக்கும். அதை அப்பிடியே எழுதச் சொல்லு. அர்த்தம் பண்ண வேணாம். என்ன சொல்லுதோ அது."

போட்டோம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிற காலம் அது. 'பிள்ளை சொல்வது' என்று அந்த வரிக்குப் பெயர் வைத்தோம்.

தேரன்று நான் தெற்கு ரத வீதிப் பந்தலில். பந்தல்களுக்கு நடுவே ஒயர் கிடையாது. ராஜுண்ணன்தான் ஒயர். தன் மொபெட்டில் சந்து சந்தாகப் புகுந்து, ஒரு பந்தலின் பட்டியலைப் பிளாப்பியில் வாங்கி அடுத்த பந்தலில் கொடுத்துக்கொண்டே சுற்றினார். கோபுரத்தைக் கொண்டுவந்த மனுஷன் தபால்காரராக ஆகிவிட்டதில் அவருக்கே சிரிப்பு. என் பக்கத்தில் மைக் செட் காஜா பாய். தேருக்கும் அவர்தான், தர்கா கந்தூரிக்கும் அவர்தான், கல்யாணத்துக்கும் அவர்தான். என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதால் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் எங்கள் இன்வெர்ட்டருக்கென்று வந்த பேட்டரியும் போயிற்று. அதை இரவல் கொடுத்தவர் முந்தின வாரம் முழுவதும் கல்யாண வீட்டில் ஓட்டிவிட்டுச் சார்ஜ் போடாமல் கொடுத்திருந்தார். அவருக்கு என்னென்ன அர்ச்சனை செய்தேன் என்று எழுதினால் இதை நீங்கள் வீட்டில் வாசிக்க முடியாது.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். தளவாய்புரத்துக்காரர். சத்தம் போட்டு அழவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எம் பிள்ளையக் காணும். கையப் பிடிச்சுத்தான் நின்னா. வடத்தத் தொட்டுக் கும்புட ரெண்டு கையும் எடுத்தேன். குனிஞ்சு நிமுந்தா இல்ல."

"பேரு என்னம்மா?"

"ஆண்டாளு. நாலு வயசு. பச்சைப் பாவாட."

எங்கள் ஊரில் என் வகுப்பிலேயே நாலு கோதை, மூன்று ஆண்டாள். ஆடிப்பூரத்தன்று ரத வீதியில் ஆண்டாள் என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். பச்சைப் பாவாடையும் அப்படித்தான். தேர் எங்களுக்கு நாலு வீடு தள்ளி நின்றுகொண்டிருந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு நேராக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அம்மாள் எதை நினைத்து மேஜையைப் பிடித்துக்கொண்டார் என்று.

அதே நேரத்தில் ராஜுண்ணன் வியர்த்து வழிய வந்து, வடக்கு ரத வீதியின் புதுப் பட்டியலோடு மற்றப் பந்தல்களின் பட்டியலும் ஏறியிருந்த பிளாப்பியைக் கொடுத்தார். கையில் பிளாப்பி இருக்கிறது, மெஷின் செத்துக் கிடக்கிறது. உயிருள்ள பேட்டரி ஒன்றுதான், அது காஜா பாயின் மைக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், அதைக் கொஞ்சம் குடுங்க."

"பாப்பா, சக்கரத்துக்கிட்ட போகாதீகன்னு விடாமச் சொல்லச் சொல்லி இன்ஸ்பெக்டர் அவிய என்னைய நிக்க வச்சிருக்காக. மைக்க நிறுத்திட்டு, அந்நேரம் எதாச்சும் ஆச்சுன்னா?"

நியாயமான கேள்வி. இந்த அம்மாளின் பிள்ளையே சக்கரத்துப் பக்கம் நின்றுகொண்டிருக்கலாம். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே குரலை நான் நிறுத்தச் சொல்கிறேன். பட்டியலில் அவள் இருப்பாள் என்று எனக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், என் சாம்பல் திரை எழுந்து நிற்க நாலு வாய் டீ நேரம் போதும் என்பது. ஆறு பிளாப்பி என்றால் நான் கேட்டே இருக்க மாட்டேன்.

"தேர் நிக்குதுல்ல பாய். நிக்கிற வரைக்கும் குடுங்க. அசைஞ்சா நீங்களே பிடுங்கிக்கோங்க."

அவர் தேரைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். "வடம் அசைஞ்சா உங்கிட்டக் கேக்க மாட்டேன்," என்று சொல்லி ஒயரை மாற்றிவிட்டார்.

முதல் பிளாப்பி. இரண்டாவது பிளாப்பி. அந்தக் கரகரப்பை இத்தனை பக்தியோடு நான் கேட்டதில்லை. சாம்பல் திரை வந்தது, நாலு ஜன்னல் திறந்தது. அண்ணன் கொடுத்ததைப் போட்டேன். பெயரைத் தேடவில்லை. பச்சைப் பாவாடையையும் தேடவில்லை. பெயர் தெரியாத பிள்ளைகள் யார் யார் என்று மட்டும் பார்த்து, கடைசி வரியைச் சத்தமாக வாசித்தேன். மேல ரத வீதியில் ஒரு பையன்: 'ஜவ்வுமிட்டாய் வேணும்.' அந்த அம்மாள் தலையை ஆட்டினார். வடக்கில் ஒரு பெண்: 'அக்கா அடிச்சா.' இல்லை. வடக்கில் இன்னொருத்தி: 'மாரியப்பன் தனியா இருக்கான். அவனுக்குப் பசிக்கும்.'

"வடம் பிடிச்சிட்டாக," என்று பாய் ஒயரைப் பிடுங்கினார். திரை கறுத்தது. அவருடைய குரல் மறுபடி தெரு முழுக்கக் கேட்டது.

அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். "என்ன சொன்ன? இன்னொருக்கச் சொல்லு."

"மாரியப்பன் தனியா இருக்கான்..."

"அது எங்க ஆட்டுக்குட்டி," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

ராஜுண்ணன் மொபெட்டை ஏற்கெனவே திருப்பிவிட்டிருந்தார். "ஏறும்மா," என்றார். முன்பின் தெரியாத ஆளின் வண்டியில் ஏறலாமா என்று அந்த அம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சந்துக்குள் போய் மறைந்தார்கள்.

நம் தொழிலில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்: நாம் செய்த வேலை எங்கே போய் முடிந்தது என்று பெரும்பாலும் நமக்குத் தெரியாது. நான் கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தேர் எங்கள் பந்தலைத் தாண்டிப் போனது. எல்லோரும் கும்பிட்டார்கள். நான் மாரியப்பனை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சீமையில் எத்தனை மாரியப்பன்கள். வடக்குப் பந்தலில் அதற்கு முன்பே அப்பா பெயர் என்று நினைத்து மைக்கில் கூப்பிட்டு, மூன்று மாரியப்பன்கள் வந்து நின்று, மூன்று பேரையும் பிள்ளை வேண்டாம் என்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எவன் வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் அந்தப் பெயர் இருக்கலாமே என்று பயமாக இருந்தது.

அண்ணன் திரும்பி வந்தபோது கொட்டுச் சத்தத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. வாயை அசைத்தார், எனக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டிவிட்டு, பிளாப்பியை என் கையில் திணித்தார். இன்னும் கரண்ட் வரவில்லை. நான் கேட்காமலேயே காஜா பாய் மைக்கிலிருந்து ஒயரைக் கழற்றினார்.

"தேர் தாண்டிருச்சுல்ல. எடுத்துக்கோ பாப்பா. நானும் பாக்கணும்."

முதல் பிளாப்பி, இரண்டாவது பிளாப்பி, பிறகு அண்ணனுடையது. மூன்று பேரும் திரைமேல் குனிந்தோம். வடக்கு ரத வீதி ஜன்னலில், பச்சைப் பாவாடைக்கு நேராக, 'தாயிடம் ஒப்படைத்தாச்சு' என்று இருந்தது. அதற்குக் கீழே, கோபுரமும் ஐகானும் இல்லாத சாம்பலில், பிள்ளை சொல்வது என்ற வரியில் ராஜுண்ணன் தன் கையால் தட்டியிருந்தார்:

'அம்மா, மாரியப்பன் சாப்பிட்டானா?'